பழைய அமெரிக்கப் போலீஸ் கார் அசல்தானா? தொழிற்சாலைக் குறியீடுகளைப் படித்துக் கண்டறியும் முறை

கருப்பு வெள்ளைப் பெயிண்ட், கூரையில் சுழல்விளக்கு, கதவில் நட்சத்திரச் சின்னம் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் ஒரு பழைய செடான் போலீஸ் கார் ஆகிவிடாது. இவற்றை எந்தப் பட்டறையிலும் சில நாட்களில் சேர்த்துவிடலாம். அமெரிக்க நிறுவனங்கள் போலீஸ் துறைகளுக்கென்றே தயாரித்து விற்ற ‘போலீஸ் பேக்கேஜ்’ என்பது பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் படாத இடங்களில், அதாவது எஞ்சின், ஸ்பிரிங், பிரேக், ஆல்டர்னேட்டர், ஆயில் கூலர் போன்றவற்றில் இருந்தது. அது இருந்ததற்கான சான்றைத் தொழிற்சாலையே எழுத்தாகவும் எண்ணாகவும் காரில் பதித்து அனுப்பியது. ஏலப் படங்களைப் பார்த்து இத்தகைய காரை வாங்க நினைப்பவர்களுக்கும், சிறிய மாதிரிக் கார்களைச் சரியான விவரங்களுடன் உருவாக்குபவர்களுக்கும் அந்தக் குறியீடுகளைப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: தொழிற்சாலை செய்ததையும் துறை செய்ததையும் பிரித்துக்கொள்ளுங்கள்

தொழிற்சாலையிலேயே போலீஸ் பேக்கேஜைச் சேர்த்து விற்கும் வழக்கத்தை ஃபோர்டு 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. ஷெவ்ரலே 1955இலும், டாட்ஜ் 1956இலும், பிளிமத் 1957இலும் அதே வழியில் வந்தன. அதற்கு முன்பு, துறைகள் சாதாரண காரை வாங்கித் தங்கள் பணிமனையில் வலுப்படுத்திக்கொண்டன.

பேக்கேஜ் வந்த பிறகும் வேலை இரண்டாகவே பிரிந்திருந்தது. கடினமான ஸ்பிரிங், தடித்த ஸ்டெபிலைசர் கம்பி, சூட்டில் பிடிப்பை இழக்காத பிரேக் லைனிங், பெரிய ரேடியேட்டர், அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், துல்லியம் சரிபார்க்கப்பட்ட ஸ்பீடோமீட்டர் ஆகியவை தொழிற்சாலையின் பங்கு. கூரை விளக்கு, சைரன், வானொலி, முன் பின் இருக்கைகளுக்கு இடையிலான கம்பித் தடுப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் துறையின் பணிமனையோ வெளி நிறுவனமோ பின்னர் பொருத்தியது. ஓட்டுநர் பக்கத் தூணில் உள்ள ஸ்பாட்லைட் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; அதைத் தொழிற்சாலையிலேயே கேட்டுப் பொருத்திக்கொள்ளவும் முடிந்தது. ஆகவே விற்பவர் காட்டும் ஒவ்வொரு பொருளும் இவ்விரண்டில் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். துறையின் பங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தொழிற்சாலைப் பேக்கேஜுக்குச் சான்றாகாது.

இரண்டாம் படி: கிரைஸ்லர் கார்களில் வின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

வாகன அடையாள எண்ணை, அதாவது வின் எண்ணைப் படிக்கப் பழகுவதற்கு டாட்ஜ், பிளிமத் கார்களே மிகச் சிறந்தவை. அவை ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றன. 1970களின் கார்களில் இந்த எண் டாஷ்போர்டின் இடது ஓரத்தில், முன் கண்ணாடி வழியாகப் படிக்கும்படி இருக்கும். அதற்கு மொத்தம் 13 இடங்கள் உண்டு. 1974ஆம் ஆண்டு டாட்ஜ் மொனாக்கோ ஒன்றின் எண் டிகே41யு4டி என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தான ‘டி’ பெரிய அளவு டாட்ஜ் காரைக் குறிக்கிறது. இரண்டாம் எழுத்தான ‘கே’ அது போலீஸ் வகை என்று சொல்கிறது. டாக்ஸியாக இருந்திருந்தால் அங்கே ‘டி’ என்ற இன்னொரு ஆங்கில எழுத்து, அதாவது ‘எஸ்’ எழுத்துக்கு அடுத்து வருவது, இருந்திருக்கும். 41 என்பது நான்கு கதவு செடான். ஐந்தாம் இடத்து ‘யு’ 440 கன அங்குல எஞ்சினின் கூடுதல் திறன் வடிவம். அடுத்த 4 ஆண்டையும், கடைசி ‘டி’ (முதல் எழுத்தே மீண்டும்) இல்லினாய் மாநிலத்தின் பெல்விடியர் தொழிற்சாலையையும் குறிக்கின்றன. அதன் பிறகு வரும் ஆறு இலக்கங்கள் வரிசை எண்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘கே’ என்ற எழுத்து போலீஸ் வகை என்று மட்டுமே சொல்கிறது. காரின் வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 1970களின் நடுவில் வந்த பிளிமத் ஃபியூரியின் எண் ஆர்கே41ஜி என்று தொடங்கினால், அதில் இருப்பது 318 கன அங்குல எளிய எஞ்சின். நகரத் தெருக்களில் மெதுவாகச் சுற்றி, மணிக்கணக்கில் நின்றபடியே எஞ்சினை ஓடவிடும் ரோந்துக்கு 440 தேவைப்படவில்லை. எரிபொருள் செலவைப் பார்த்து வாங்கிய நகராட்சிகளுக்கு அது வேண்டாத சுமையாகவும் இருந்தது. ஆகவே 318 கொண்ட கார் போலி அல்ல. சொல்லப்போனால், அத்தகைய காருக்குப் பிற்காலத்தில் 440 பொருத்தி ‘பர்சூட் கார்’, அதாவது துரத்திப் பிடிக்கும் கார், என்று விற்கும்போதுதான் அது போலியாகிறது.

அடுத்ததாக பானெட்டைத் திறந்து, இடது பக்க உள் மட்கார்டின் மீது திருகப்பட்டுள்ள சிறிய உலோகத் தகட்டைப் பாருங்கள். அதைக் கீழ் வரியிலிருந்து மேல்நோக்கியும், ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். ‘ஈ86’ என்பது கூடுதல் திறன் 440. ‘ஏ38’ என்பது போலீஸ் பேக்கேஜ். தகட்டில் உள்ள வின் விவரம் டாஷ்போர்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபாருங்கள். தகடு இரண்டு திருகாணிகளில் நிற்பது. அதன் நகல்களும் சந்தையில் கிடைக்கின்றன. பின் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ தரை விரிப்பின் அடியிலோ தொழிற்சாலையின் உற்பத்தித் தாள் மடிந்து கிடந்தால், அது தகட்டைவிட நம்பகமானது. கடைசியாக, எஞ்சின் பிளாக்கில் பொறிக்கப்பட்ட இலக்கங்கள் வின் எண்ணின் இறுதிப் பகுதியோடு பொருந்த வேண்டும்.

மூன்றாம் படி: ஃபோர்டில் ஆண்டைப் பார்த்து விதியை மாற்றுங்கள்

ஃபோர்டின் குறியீடுகள் காலத்துக்குக் காலம் பொருள் மாறியவை என்பதால், ஆண்டு தெரியாமல் எழுத்தைப் படிக்கக் கூடாது. 1960களின் இரண்டாம் பாதியில் வின் எண்ணின் ஐந்தாம் இடத்தில் ‘கியூ’ இருந்தால் அது 345 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 428. ‘பி’ (இங்கும் கீழேயும் ஆங்கிலத்தில் ‘ஓ’ எழுத்துக்கு அடுத்து வருவது) இருந்தால் 360 குதிரைத்திறன் கொண்ட போலீஸ் இன்டர்செப்டர் 428. 1973க்குப் பிந்தைய பெரிய ஃபோர்டுகளில் 460 எஞ்சினின் போலீஸ் வடிவத்தை ‘சி’ குறித்தது.

1981 முதல் எல்லா நிறுவனங்களும் 17 இட வின் எண்ணுக்கு மாறின. எஞ்சின் எழுத்து எட்டாம் இடத்துக்கும், ஆண்டு பத்தாம் இடத்துக்கும் சென்றன. 1980களின் எல்டிடி கிரவுன் விக்டோரியா என்ற பெரிய ஃபோர்டு காரில் ‘பி72’ என்ற குறியீடு போலீஸுக்கு மட்டும் உரியதல்ல. எட்டாம் இடத்தில் ‘ஜி’, அதாவது 5.8 லிட்டர் எஞ்சின், இருந்தால் போலீஸ் காராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 1992இல் வந்த புதிய வடிவத்தில்தான் பலரும் அறிந்த ‘பி71’ போலீஸைக் குறிக்கத் தொடங்கியது. அதே காலத்தில் ‘பி72’ டாக்ஸி முதலிய வாடகைப் பயன்பாட்டுக்கு உரியதாயிற்று. இந்தக் குறியீட்டின் மூன்று எழுத்தெண்களும் ஐந்தாம் இடம் முதல் ஏழாம் இடம் வரை அமைந்திருக்கும். எண் ‘2எஃப்ஏ’ என்று தொடங்குவதைப் பார்த்து ஐயப்பட வேண்டாம். இந்தக் கார்கள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், செயின்ட் தாமஸ் தொழிற்சாலையில் 2011 வரை தயாரானவை.

பி71 என்பது தொழிற்சாலை எதைக் கட்டியது என்பதைச் சொல்கிறது. யார் ஓட்டினார்கள் என்பதைச் சொல்வதில்லை. துப்பறிவாளர்களுக்கெனச் சாதாரணத் தோற்றத்துடன் வந்தவையும், போலீஸ் அல்லாத அரசு அலுவலகங்களுக்குச் சென்றவையும் அதே குறியீட்டையே தாங்கியுள்ளன.

நான்காம் படி: ஷெவ்ரலேயில் டிக்கியைத் திறங்கள்

1994 முதல் 1996 வரை வந்த கப்ரீஸ் காரில் வின் எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. எட்டாம் இடத்து ‘பி’ 260 குதிரைத்திறன் கொண்ட 5.7 லிட்டர் எல்டி1 எஞ்சினையும், ‘டபிள்யூ’ 200 குதிரைத்திறன் கொண்ட 4.3 லிட்டர் எஞ்சினையும் குறிக்கின்றன. ஆனால் எல்டி1 பொருத்திய போலீஸ் கார், அதே எஞ்சின் கொண்ட குடும்பக் கார், போலீஸ் காரின் சஸ்பென்ஷனை அடிப்படையாகக் கொண்டு உருவான இம்பாலா எஸ்எஸ் ஆகிய மூன்றின் வின் எண்ணும் பெரும்பாலும் ஒரே மாதிரியே தொடங்குகின்றன.

வேறுபாடு டிக்கி மூடியின் உட்புறம் ஒட்டப்பட்ட காகித லேபிளில் இருக்கிறது. அதில் மூன்று இடக் குறியீடுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ‘9சி1’ இருந்தால் போலீஸ் கார், ‘9சி6’ டாக்ஸி, ‘டபிள்யூஎக்ஸ்3’ இம்பாலா எஸ்எஸ். கூடவே ‘கேசி4’ எஞ்சின் ஆயில் கூலரையும், ‘வி08’ வலுவான குளிர்விப்பையும், ‘ஜி80’ இரு பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிரும் டிஃபரன்ஷியலையும் குறிக்கின்றன. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் பின் பிரேக்கைப் பாருங்கள்: இந்த ஆண்டுகளின் குடும்பக் கப்ரீஸில் டிரம், போலீஸ் காரிலும் இம்பாலா எஸ்எஸ்ஸிலும் டிஸ்க். இது துணைச் சான்றுதான், ஏனெனில் பிரேக்கை மாற்றிவிட முடியும். என்னைக் கேட்டால், நான்கு படங்கள் மட்டுமே அனுப்பச் சம்மதிக்கும் விற்பனையாளரிடம் முதலாவதாகக் கேட்க வேண்டியது இந்த லேபிளின் படத்தைத்தான்.

ஐந்தாம் படி: உடலில் உள்ள தழும்புகளைத் தேடுங்கள்

பணியிலிருந்து விடுவிக்கும்போது துறைகள் விளக்கையும் வானொலியையும் கழற்றிவிடும்; துளைகள் நிற்கும். கூரையின் நடுவிலும், டிக்கி மூடியிலும், ஸ்பாட்லைட் இருந்த முன் தூணிலும் ரப்பர் மூடிகளோ நிரப்பிய அடையாளங்களோ உள்ளனவா என்று பாருங்கள். கூரையின் உள் துணியைச் சற்று விலக்கினால் நிரப்பிய இடம் பின்புறத்தில் தெரிந்துவிடும். கம்பளத்துக்குப் பதிலாக ரப்பர் தரை, கதவைத் திறந்தால் எரியாத உள் விளக்கு, உள்ளிருந்து திறக்க முடியாத பின் கதவுகள், பானெட்டுக்கும் உடலுக்கும் இடையே வானொலி இரைச்சலைக் குறைக்கப் பொருத்திய பின்னல் செப்புப் பட்டைகள் ஆகியவை நல்ல அறிகுறிகள். போலீஸ் கிரவுன் விக்டோரியாவின் ஸ்பீடோமீட்டர் மணிக்கு 140 மைல் வரை காட்டும்.

சாவியையும் பாருங்கள். ஒரு துறையின் எல்லாக் கார்களையும் ஒரே சாவியால் திறக்கும்படி ஃபோர்டு வழங்கியது. அவற்றில் ‘1284எக்ஸ்’ மிகவும் பரவலானது. அசல் என்பதற்கு அது ஓர் அடையாளம்தான், ஆனால் அந்தச் சாவி எளிதில் கிடைப்பதால் காரை வாங்கியதும் பூட்டை மாற்றிவிடுவது நல்லது.

ஆறாம் படி: பின் அச்சின் விகிதத்தை நீங்களே அளந்து பாருங்கள்

பின் சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள், எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே இந்த விகிதம். இந்த எண் கூடினால் புறப்படும் வேகம் கூடும். எண் குறைந்தால் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் கூடும். கிரவுன் விக்டோரியாவில் 3.27, 3.55 என இரு தேர்வுகள் இருந்தன. கப்ரீஸில் ‘ஜியூ4’ என்ற குறியீடு 3.08ஐயும், ‘ஜியூ6’ 3.42ஐயும் குறிக்கும்.

அளப்பதற்கு, முன் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் செல்லாதீர்கள். எஞ்சினை அணைத்து கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்து, சுழல்தண்டிலும் ஒரு சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றும்போது மற்றதும் அதே திசையில் சுழன்றால், சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே விகிதம். மற்ற சக்கரம் எதிர்த் திசையில் சுழன்றால் அதை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இந்தச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றித் தண்டின் சுற்றுகளை எண்ணுங்கள். கிடைக்கும் எண் லேபிளோடு பொருந்தாவிட்டால், அச்சு மாற்றப்பட்டிருக்கிறது.

எஞ்சின் திறனை ஒப்பிடும்போது ஆண்டைக் கவனியுங்கள். கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை பயன்படுத்திய 1969 டாட்ஜ் பொலாராவின் 440க்கு 375 குதிரைத்திறன் என்றும், 1974 மொனாக்கோவின் 440க்கு 275 என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து, நூறு முழுவதும் எஞ்சினிலிருந்து தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சுருக்க விகிதம் குறைந்தது ஒரு காரணம். 1972இல் அளக்கும் முறையே மாறி, ஆல்டர்னேட்டர், மின்விசிறி, புகைபோக்கி எல்லாம் பொருத்திய நிலையில் கிடைக்கும் நிகரத் திறனைச் சொல்லத் தொடங்கியது மற்றொரு காரணம்.

ஏழாம் படி: காகிதங்களைச் சேருங்கள்

1967 முதல் வந்த ஃபோர்டு கார்களுக்கு, நிறுவனத்தின் உற்பத்திப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் வின் எண்ணைக் கொண்டு அறிக்கை தருகிறது. கனடாவில் விற்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு அந்நிறுவனத்தின் கனடா கிளையின் பதிவுகளிலிருந்து பழைய விவரங்களைப் பெறலாம். எந்தத் துறையில் பணியாற்றியது என்பதை அறிய, ஏல ரசீது, பழைய உரிமைப் பத்திரம், துறையின் பராமரிப்புப் பதிவு ஆகியவற்றை விற்பவரிடம் கேளுங்கள்.

காரை வாங்கி விளக்குகளை மீண்டும் பொருத்த விரும்பினால், முன்னதாக உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். தனியார் காரில் சிவப்பு, நீல விளக்குகளைப் பொதுச் சாலையில் எரிப்பதைப் பல மாநிலங்கள் தடை செய்கின்றன. சிலவற்றில் கண்காட்சிக்கு ஓட்டிச் செல்லும்போது விளக்கை உறையிட்டு மூடவோ மின்னிணைப்பைத் துண்டிக்கவோ வேண்டியிருக்கும். கதவுச் சின்னத்துக்கும் விதிகள் உண்டு என்பதால், அந்தத் துறையிடமே எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டுப் பெயிண்ட் வேலையைத் தொடங்குங்கள்.