கிளர்ஜி டார்ட்டன்: கில்ட் தைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பளவு பிசகுவதையும் தையல் கோணுவதையும் பற்றி எழுதத் தேவையில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். ஸ்காட்லாந்தில் போதகர்களுக்கு உரியதாக வழங்கும் கிளர்ஜி டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணியில் கில்ட் எனும் மடிப்புப் பாவாடையைத் தைக்க வரும்போது, புதியவர்கள் வேறு இடங்களில் இடறுகிறார்கள்.

பெயரை மட்டும் சொல்லித் துணி வாங்குவது

கிளர்ஜி என்ற பெயரில் நீலம் மேலோங்கியதும் பச்சை மேலோங்கியதும் கிடைக்கின்றன. கிளார்க் என்ற குடும்பப் பெயரிலும் இதே கட்டம் விற்கப்படுவதுண்டு. இவற்றுக்கு மேல் மாடர்ன், ஏன்ஷியன்ட் என்ற சாய வகைகள் வேறு. ஏன்ஷியன்ட் என்பது வெளிறிய சாயத்தைக் குறிக்குமே தவிர, கட்டத்தின் வயதை அன்று.

என்னிடம் தொழில் பயின்ற ஒருவர், அருட்பொழிவு பெறவிருந்த இளம் போதகருக்காகக் கில்ட் துணியை ஒரு நெசவாலையிலும், இடத்தோளிலிருந்து முதுகில் தொங்கும் பிளெய்டுக்கான துணியை, மலிவாகக் கிடைக்கிறதென்று, வேறோர் ஆலையிலும் வாங்கினார். இரண்டு பில்லிலும் கிளர்ஜி என்றே இருந்தது. ஆனால் ஒன்றில் கட்டம் ஏழு அங்குலத்துக்கு ஒருமுறையும் மற்றதில் ஐந்து அங்குலத்துக்கு ஒருமுறையும் திரும்ப வந்தது. நீலமும் நீலமும் ஒட்டவில்லை. கில்ட்டின் பின்புற மடிப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு முழுக் கட்டத்தை உள்ளே விழுங்கினால்தான் வெளியே கோலம் அறுபடாமல் தெரியும். அப்படிப் பாடுபட்டு அமைத்த மடிப்புகளின் மேல் அந்தப் பிளெய்டு இரவல் துணிபோல் கிடந்தது. வெட்டிய துணியை எந்த ஆலையும் திருப்பி எடுக்காது. எட்டு கஜக் கில்ட் துணியின் விலையோ கொஞ்சநஞ்சமன்று. மாதிரித் துண்டு கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதுமே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எடின்பரோவில் 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் இழைக் கணக்கை, அதாவது ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை இழைகள் என்பதைப் பார்த்து, மாதிரித் துண்டின் இழைகளைக் குண்டூசி நுனியால் எண்ணி ஒப்பிடுங்கள். பதிவேடு சாயத்தின் சாயலை உறுதி செய்யாது. ஆகவே துண்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின், வேண்டிய துணி முழுவதையும் ஒரே ஆலையில் ஒரே தறி ஓட்டத்திலிருந்து வாங்குங்கள்.

போதகரல்லாதவருக்குத் தைக்க மறுப்பது

மறுக்க வேண்டாம்; தடைச் சட்டம் எதுவும் இல்லை.

இல்லாத பழமையைச் சொல்லி விற்பது

போதகர்கள் ஆதிமுதல் டார்ட்டனோடு பலிபீடத்தருகே நின்றார்கள் என்று வாடிக்கையாளரிடம் அளக்காதீர்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 1575இல், கறுப்பு, சாம்பல் போன்ற அடக்கமான நிறங்களையே போதகர்களுக்கு விதித்து, ஆலயத்தில் பிளெய்டு அணிவதைக் கண்டித்தது. டார்ட்டனை ஆலயத்தில் ஆசீர்வதிக்கும் கிர்க்கிங் சடங்கும், ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடை செய்த 1746ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் துணித்துண்டை ஒளித்துக் கொண்டுபோன கதையோடு சொல்லப்பட்டாலும், 1940களில் அமெரிக்காவில் போதகர் பீட்டர் மார்ஷலின் காலத்தில் உருவானதே.

போதகர் காலரின் மேல் லேஸ் ஜபோ

கழுத்தில் தொங்கும் லேஸ் சுருக்கமான ஜபோவைப் போதகர் காலரோடு சேர்க்கக் கூடாது. ஒரு கழுத்துக்கு ஒன்று போதும்.