வேது பிடிக்கிற சின்ன ஸ்டீமர்: எங்கட தண்ணிக்கு ஏத்தமாதிரி பாவிக்கிறதும் துப்பரவாக்கிறதும்

மார்கழிப் பனி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில வீட்டுக்கு ஒராளுக்கு எண்டாலும் தடிமன் வந்திடும், மூக்கடைச்சு இரவில நித்திரையும் இல்லை. முந்தி பானையில நொச்சியையும் வேப்பிலையையும் அவிச்சுப் போட்டு போர்வைக்குள்ள இருந்து வேது பிடிப்பினம், இப்ப கனபேர் பாமசியில விக்கிற சின்ன பிளாஸ்டிக் ஸ்டீமரை வாங்கி வச்சிருக்கினம். நல்ல சாமான் தான். ஆனா ஒரு மாரி முடியிறதுக்குள்ள "இது ஆவி வருதில்லை" எண்டு அலுமாரிக்கு மேல போட்டுவிடுறதைத் தான் எல்லா வீட்டிலயும் காணலாம். அதில முக்கால்வாசி மெசின் பழுதாகினது இல்லை, உள்ளுக்குச் சுண்ணாம்பு பிடிச்சது. அதால தான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல உங்கட ஸ்டீமர் எந்த வகை எண்டு பாருங்கோ

பிளக்கில போடாமல் மேல்மூடியைக் கழட்டிப் பாருங்கோ. மூடியில இருந்து ஒரு குழாய்மாதிரி கீழ இறங்கி அதுக்குள்ள ரெண்டு உலோகத் தகடு இருந்தால், அது தண்ணிக்குள்ளாலயே கரண்டை ஓடவிட்டுச் சூடாக்கிற வகை. மலிவானது எல்லாம் அனேகமா இது தான். அடியில ஒரு சூடாகிற தட்டு மட்டும் இருந்தால் அது கேத்தில் மாதிரி வேலை செய்யிற வகை.

இது ஏன் முக்கியம் எண்டால், ரெண்டு தகடு வகையில பிளக் போட்டிருக்கேக்க உள்ள கிடக்கிற தண்ணியிலயே 230 வோல்ட் கரண்ட் நிக்குது. தண்ணி காணாது எண்டு பிளக்கைக் கழட்டாமல் மூடியைத் திறந்து ஊத்துறது, சூடு எப்பிடி எண்டு விரலை விட்டுப் பாக்கிறது, இந்த ரெண்டும் ஆளையே கொண்டுபோயிடும். சுவிட்சை நிப்பாட்டினால் காணாது, பிளக்கையே கழட்டிப் போட்டுத் தான் மூடியில கை வையுங்கோ. போட்டவுடன வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்காதேங்கோ, அந்த ஸ்டீமரை விட்டிடுங்கோ.

தண்ணியும் உப்பும்

பெட்டியில "ஒரு நுள்ளு உப்புப் போடவும்" எண்டு எழுதியிருக்கும், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவினம். உப்புப் போடுறது கரண்ட் தண்ணிக்குள்ளால லேசா ஓடுறதுக்கு. எங்கட குடாநாட்டுக்கு அடியில முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கிக் கிணத்துக்கு வரேக்க சுண்ணாம்பையும் கரைச்சுக்கொண்டு தான் வரும், தீவுப்பக்கமும் கரையோரமும் எண்டால் உவரும் சேர்ந்திடும். நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணியும் ஆழத்தில உப்புத்தண்ணியும் கிடக்கிறது எல்லாருக்கும் தெரியும் தானே. அப்ப எங்கட கிணத்துத் தண்ணிக்கு உப்பே தேவையில்லை, அதிலயே கரண்ட் நல்லா ஓடும். அதுக்கு மேல உப்பையும் போட்டால் தண்ணி பொங்கி, ஆவியோட கொதிதண்ணியும் முகத்தில தெறிக்கும்.

நான் சொல்லுறது பிடிச்சு வச்ச மழைத்தண்ணி, இல்லாட்டி ஆர்ஓ பில்டர் தண்ணி. சுண்ணாம்பு படியாது. ஆனா அது தனிய எண்டால் தகடு வகையில சூடே ஏறாது, அதால அதுக்கு மட்டும் ரெண்டு விரலால எடுக்கிற அளவு உப்பு. அடித்தட்டு வகைக்கு எந்தத் தண்ணி எண்டாலும் உப்புப் போடாதேங்கோ.

பிடிக்கிற விதம்

மேசையில, ஒருத்தரும் வயரைத் தட்டாத இடத்தில வையுங்கோ. மடியிலயோ கட்டிலிலயோ வேண்டாம். கோடு போட்ட அளவுக்கு மேல தண்ணி விடாமல் மூடியை இறுக்கிப் போட்டுத்தான் பிளக்.

இலை போடுறதெண்டால் தண்ணித் தொட்டிக்குள்ள போடவே கூடாது, தூளெல்லாம் தகட்டில ஒட்டிக் கருகிடும். யூகலிப்டஸ் எண்ணையும் அப்பிடித்தான், பிளாஸ்டிக்கைத் தின்னும். ஆவி வாற வாய்க்குப் பக்கத்தில சின்னக் குழி ஒண்டு கனதுகளில இருக்கும், நிழல்ல காயவச்ச நொச்சி இலையைக் கையால நொருக்கி அதில கொஞ்சம் வையுங்கோ, இல்லாட்டி ஓமத்தைக் கசக்கிப் போடுங்கோ. ஆவி வாற ஓட்டையை மூடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. குழி இல்லாட்டி வெறும் ஆவியே போதும், மூக்குக்குள்ள இறுகின சளியை இளக்கிறது அந்த ஈரச்சூடு தான். காயவைக்கிற இலையை வெயிலில போட்டால் வாசம் போயிடும், காஞ்சபிறகு இறுக்கமான போத்தலில போடுங்கோ, மாரியில பூஞ்சணம் பிடிச்சால் யோசிக்காமல் எறியுங்கோ.

ஆவி ஒரே சீரா வரத்தொடங்கினபிறகு முகத்தைக் கொண்டுபோங்கோ, ஒரு சாணுக்குக் கிட்டப் போகவேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. 5 தொடக்கம் 10 நிமிசம் காணும். தகடு வகையில தண்ணி தகட்டுக்குக் கீழ இறங்கினால் கரண்ட் அறுந்து தானா நிண்டுடும், எண்டாலும் அதை நம்பி விட்டிட்டு எழும்பிப் போகாதேங்கோ.

சின்னப் பிள்ளையளுக்கு இதைப் பிடிக்க வேண்டாம். அதுகள் ஒரு இடத்தில இராதுகள், வேது பிடிக்கேக்க கொதிதண்ணி கவிண்டு அவியிறது அதுகள் தான். கற்பூரம் போட்டுப் பிடிக்கிறதும் வேண்டாம், அது பிள்ளையளுக்கு நஞ்சு, வலிப்பு வரப்பண்ணும். ஆஸ்துமா உள்ளவைக்குச் சூடான ஆவியாலயே முட்டுக் கூடலாம், டொக்டரிட்டக் கேட்டுட்டுத் தான் செய்யவேணும். இது மூக்கடைப்புக்குச் சுகம் தாற ஒரு வழி, கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் விடாமல் காய்ஞ்சால், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

துப்பரவாக்கிறது

ஒவ்வொருமுறையும் பிளக்கைக் கழட்டி, ஆறவிட்டு, மிச்சத்தண்ணியை ஊத்திப்போட்டு மூடியைத் திறந்தபடி கவிட்டு வைக்கிறது தான் பெரிய வேலை. தண்ணியை உள்ள விட்டு மூடி வச்சால் பாசி பிடிச்சு மணக்கும், பேந்து அந்த மணத்தைத் தான் சுவாசிக்கவேணும். மூடியில வயர் போற பக்கத்தை மட்டும் தண்ணிக்குள்ள அமத்தாதேங்கோ, ஈரத்துணியால துடைச்சால் சரி.

தகட்டில வெள்ளையாப் படை தெரியத் தொடங்கினால், அரைக் கப் தண்ணிக்கு ஒரு தேசிக்காய்ப் புளியை விட்டு, இல்லாட்டி வினாகிரியும் தண்ணியும் சரிபாதியா விட்டு, தகடு மட்டும் தாழுறமாதிரி அரை மணித்தியாலம் ஊறவிடுங்கோ. பிளக்கில போடாமல்! குமிழ் குமிழா வரும், அது சுண்ணாம்பு புளியில கரையிறது. பழைய பல்லுத்தூரிகையால மெல்லமாத் தேச்சு ரெண்டு மூண்டு தரம் நல்ல தண்ணியில அலசுங்கோ. கத்தியாலயோ கம்பித் தும்பாலயோ சுரண்டினால் தகடு கீறுப்பட்டு அடுத்தமுறை படை இன்னும் கெதியாப் பிடிக்கும். கிணத்துத் தண்ணி பாவிக்கிறவை கிழமைக்கு ஒருக்கா இதைச் செய்யவேணும், மழைத்தண்ணி எண்டால் மாசத்துக்கு ஒருக்காக் காணும்.

ஸ்டீமரோட மாஸ்க் வந்திருந்தால் அதை ஆளுக்கொண்டா வச்சு சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. வயர் உரிஞ்சிருந்தால், தொட்டி வெடிச்சிருந்தால், தகடு கறுத்துத் தேஞ்சிருந்தால் டேப் சுத்தி ஓட்டாதேங்கோ, புதுசு ஒண்டு வாங்குங்கோ.