நியோன்யா குவே கடையில் நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

போன மாதம் என் தம்பியின் நண்பர் கோலாலம்பூரிலிருந்து மனைவியோடு பினாங்கு வந்திருந்தார். காலை எட்டரைக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு நியோன்யா குவே கடைக்குக் கூட்டிப் போனேன். தட்டுகளில் நீலம், பச்சை, சிவப்பு, பழுப்பு என்று அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கை நிற்கவில்லை. நாற்பது துண்டு வாங்கிவிட்டார். வெளியே வந்ததும் கேட்டார்: "அக்கா, ஓட்டல் ரூம்ல ஐஸ்பெட்டி இருக்கு. அதுல வச்சு நாளைக்கு ராத்திரி வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்தானே?"

இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்கக்கூட இல்லை. நேராக ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டேன். அதன் கதையைக் கீழே சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குவே என்றால் பெரும்பாலும் அரிசி மாவும் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் செய்கிற சின்னச் சின்னப் பண்டங்கள். பல தலைமுறைகளுக்கு முன் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் வந்து குடியேறி, உள்ளூரில் பெண் எடுத்த சீன வணிகர்களின் வழிவந்தவர்கள் பெரனாக்கான்கள். ஆண்களை பாபா என்பார்கள், பெண்களை நியோன்யா. பண்டம் சீனர் வீட்டுச் சடங்குக்கு, ஆனால் உள்ளே போவது தேங்காய்ப்பாலும், வாசனைக்குப் பாண்டான் இலையும், குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லமும். இந்தக் கடைகளில் பல இன்னும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன. பினாங்கில் சூலியா தெருப் பக்கம் மோ தெங் பியாவ் 1933இலிருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் கிம் சூ 1945இல் தொடங்கியது. பின்னால் அடுப்பு, முன்னால் நாலு மேசை, கல்லாவில் மகளோ மருமகளோ. அதுதான் அமைப்பு.

சீக்கிரம் போங்கள், சில்லறை வைத்திருங்கள், பண்டத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"சூடா இருக்கா?" என்று கேட்பது

நம் ஆட்களுக்கு இட்லி என்றாலும் வடை என்றாலும் ஆவி பறக்க வேண்டும். குவேயில் அப்படிக் கேட்கக் கூடாது. குவே லாப்பிஸ், தாலாம், செரி முகா என்கிற அடுக்குக் குவே வகைகள் எல்லாம் வெந்து இறங்கிய பிறகு மணிக்கணக்கில் ஆற வேண்டும். ஆறினால்தான் அடுக்கு அடுக்காக நிற்கும், கத்தி இறங்கும், பாண்டான் வாசனையும் தெளிவாக வரும்.

நான் இரண்டு வருடம் பக்கத்து வீட்டு நியோன்யா ஆண்ட்டியிடம் குவே கற்றுக்கொண்டேன். கடைகளுக்கு வீட்டிலிருந்தே செய்து கொடுத்தவர். இரவு வேகவைத்த தாலாமைக் காலையில்தான் வெட்ட விடுவார். கத்தியில் எண்ணெய் தடவி, ஒரே அழுத்தில் நேராக இறக்கி, இழுக்காமல் அப்படியே மேலே எடுப்பார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைத்து மறுபடி எண்ணெய். கீழே பச்சை, மேலே வெள்ளை. நடுவில் அந்தக் கோடு கோணாமல் இருக்கும். நான் ஒருமுறை அவசரப்பட்டு இளம்சூட்டில் வெட்டியதில் வெள்ளை முழுக்கப் பச்சையில் இழுபட்டுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தட்டை வீட்டுக்காரர்களுக்கு என்று தனியாக எடுத்து வைத்தார்.

நீலத்தைப் பார்த்து ஒதுங்குவது

அது சங்குப்பூ. நம் வீட்டு வேலியில் படர்கிற அதே பூ. மேலே தேங்காய்ப் பூரணம் வைத்து இலையில் கட்டுகிற புளூட் இன்தியில் ஒட்டரிசிக்கு அந்தச் சாயம்தான் போடுவார்கள். நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டியது பச்சையை. பாண்டான் சாறு மங்கலான பச்சைதான் தரும். விளக்குப் போல ஒளிர்ந்தால் அது புட்டி நிறம்.

இனிப்புதானே, சைவமாகத்தான் இருக்கும் என்று நம்புவது

இதில் வீட்டுப் பெரியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாழையிலையில் சுற்றிச் சுட்ட ரெம்பா உடாங் வெளியிலிருந்து பார்க்க நம் கொழுக்கட்டைக்கு அக்கா மாதிரி இருக்கும். உள்ளே காய்ந்த இறால், தேங்காய், மசாலா. நியோன்யா சாங் என்கிற முக்கோணப் பொட்டலத்தில் பன்றி இறைச்சி, கூடவே சர்க்கரையில் பாகாக்கிய வெண்பூசணி. இனிப்பு வாசம் வருவதால் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு.

முட்டையும் இருக்கிறது. செரி முகாவின் மேல் பகுதி முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து உறைந்தது. புளூட் தாய் தாய் என்கிற நீல ஒட்டரிசித் துண்டுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமிலும் முட்டை. முட்டை சேர்க்காதவர்களுக்கு நான் வாங்கிக் கொடுப்பது லாப்பிஸ், தாலாம், கோசுய், புளூட் இன்தி. அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன், ஒவ்வொரு வீட்டுக் கைப்பக்குவம் ஒவ்வொரு மாதிரி.

முஸ்லிம் நண்பர்களோடு போகிறவர்கள் ஹலால் சான்று இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பன்றி இல்லாத குவேயாகவே இருந்தாலும், அதே அடுக்களையில் சாங்கும் வேகிறதா என்பது அவர்களுக்கு முக்கியம். கடைக்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவார்கள்.

ஐஸ்பெட்டி

இப்போது அந்தக் கதை.

என் அக்கா மகளுக்குக் காது குத்து. சனிக்கிழமை மாலை வீட்டில் விருந்து. சீர்த்தட்டில் லட்டு, அதிரசத்தோடு குவேயும் வைக்கலாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. சனிக்கிழமை காலை கோயில் வேலை இருக்கிறது, யார் போய் வாங்குவது என்று யோசித்து, வெள்ளிக்கிழமை மத்தியானமே போய் நூற்றிருபது துண்டு வாங்கினேன். அப்போதைய என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. கட்டிக் கொடுத்த கடைக்கார ஆண்ட்டி, "ஜாங்கான் மாசுக் பெத்தி ஆயிஸ்" என்றார். ஐஸ்பெட்டியில் வைக்காதே என்று அர்த்தம். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, தேங்காய்ப்பால் பண்டமாயிற்றே, வெளியே வைத்தால் கெட்டுப்போகுமே என்று ஆறு பெட்டியையும் ஐஸ்பெட்டியில் அடுக்கினேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் பெட்டியைத் திறந்தேன். புளூட் இன்தியை எடுத்து இலையைப் பிரித்தால் அரிசி அரிசியாகத் தனித்தனியாக நின்றது, வேகாத சோறு மாதிரி. பருப்புப் பூரணம் வைத்த ஆங் கூவின் சிவப்புத் தோல் விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. தாலாமின் வெள்ளை மேல்புறம் மெழுகுபோல் இருந்தது. லாப்பிஸ் மட்டும் வளைந்தது, அதுவும் ரப்பர் போல. என் மாமா ஒரு துண்டைக் கடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இலையில் வைத்தார். சீர்த்தட்டில் இருந்ததை யாரும் இரண்டாவது தடவை எடுக்கவில்லை. நூறுக்கு மேல் மிச்சம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஆண்ட்டி எனக்குச் சொன்னதில்லை. பிறகு நானே தெரிந்துகொண்டேன். அரிசி மாவில் இருப்பது மாச்சத்து. வேகும்போது அது தண்ணீரை உறிஞ்சி, உப்பி, மிருதுவாகிறது. ஆறினால் அந்த மாச்சத்து மறுபடி நெருங்கி, வரிசை கட்டி, உறிஞ்சிய தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கிறது. இது எந்த வெப்பநிலையில் ரொம்ப வேகமாக நடக்கிறது தெரியுமா? உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஐஸ்பெட்டியின் சாதாரண அறையில் இருக்கிற குளிரில். ராத்திரி ஐஸ்பெட்டியில் வைத்த சோறும் இடியாப்பமும் காலையில் விறைத்திருப்பது இதனால்தான். கூடவே தேங்காய்ப்பாலின் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியில் ஊரில் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தாலாமின் மேல்புறம் மெழுகானது அதனால்.

சரி, வெளியே வைக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. பினாங்கு வெக்கைக்குக் காலையில் வாங்கிய குவே இரவுக்குள் புளிக்கத் தொடங்கும். தேங்காய்த்துருவல் போட்டதுதான் முதலில் போகும். பிய்த்தால் நூல் விட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். காரில் வெயிலில் நிறுத்திவிட்டு ஊர் சுற்றினால் இரவுவரைகூடத் தாங்காது.

ஆக, வழி ஒன்றுதான். அன்று சாப்பிடும் அளவுக்கு வாங்குங்கள். ஆளுக்கு மூன்று துண்டு போதும், நாலாவது தட்டில் கிடக்கும். விருந்து என்றால் அன்று காலையில் எடுக்கிற மாதிரி முன்கூட்டியே சொல்லி வைத்து, ஒரு ஆளை அதற்கென்றே அனுப்புங்கள். நான் மிச்சப்படுத்த நினைத்தது ஒரு காலை நேரம். போனது அந்தக் காசும், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அந்த வீட்டுப் பெண்கள் செய்த வேலையும். காசைவிட இரண்டாவதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மறுவாரம் போனபோது ஆண்ட்டி "விருந்து எப்படி இருந்தது?" என்று கேட்டார். நல்லா இருந்தது என்று பொய் சொன்னேன்.

ஏற்கெனவே ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டீர்களா? ஆங் கூவையும் லாப்பிஸையும் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி ஆறவிடுங்கள். பழைய மிருது முழுதாக வராது, ஆனால் சாப்பிடலாம். புளூட் இன்தியில் மேலே இருக்கிற தேங்காய்ப் பூரணத்தைத் தனியே எடுத்துவிட்டு அரிசியை மட்டும் வேகவையுங்கள். செரி முகா தண்ணீர் விட்டுவிடும், அதைக் காப்பாற்றலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். மைக்ரோவேவில் வைத்தால் எடுத்த ஒரு நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் முன்பைவிடக் கல்லாகிவிடும்.

விமானத்தில் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் ஈரக் குவே பக்கமே போகாதீர்கள். குவே பங்கிட், குவே காப்பிட், பஹுலு, அன்னாசி டார்ட் என்று உலர்ந்த வகைகள் இருக்கின்றன. டப்பாவில் காற்றுப் புகாமல் வைத்தால் நாள்கணக்கில் நிற்கும்.

ஒண்டே ஒண்டே

உள்ளே உருகிய குலா மலாக்கா இருக்கிற சின்ன உருண்டை. பாதி கடிக்காதீர்கள், பாகு தெறிக்கும். முழுசாக வாயில் போட்டு, வாயை மூடிய பிறகு கடியுங்கள்.

தே தாரிக்கோடு குவே

தே தாரிக் என்கிற இனிப்புப் பால்தேநீரில் குலா மலாக்காவின் லேசான புகை வாசம் காணாமல் போய்விடும். கோப்பி ஓ கோசோங் சொல்லுங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் கோப்பி.

"இது நம்ம கொழுக்கட்டைதான்"

கல்லாவுக்கு முன்னால் நின்று இதைச் சத்தமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஆங் கூவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாசிப்பருப்புப் பூரணம், அதுவரைக்கும் நம் சுசியம் ஞாபகம் வரும். ஆனால் மரஅச்சில் ஆமை வடிவம் வைத்து, சிவப்பாகச் செய்து, குழந்தை பிறந்த முப்பதாம் நாள் சொந்தபந்தங்களுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். ஆமை நீண்ட ஆயுளுக்கு. அந்த அர்த்தத்தை விட்டுவிட்டுப் பண்டத்தை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்?

உறவு தேட வேண்டுமென்றால் அப்போம் பெர்குவாவைத் தேடுங்கள். வாழைப்பழம் போட்ட தேங்காய்ப்பால் பாகில் தொட்டுத் தின்கிற சின்னச் சின்ன அப்பம். அந்தப் பெயர் நம் ஆப்பத்திலிருந்து போனது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இன்னும் வாழ்கிற மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்கள்தான். தமிழ் வணிகர்கள் வழிவந்தவர்கள், வீட்டில் மலாய் பேசுகிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். இதைக் கடையில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், வேலைக்கு நடுவிலும் நின்று பேசுவார்கள்.

பேரம்

வேண்டாம்.

அளவு கேட்பது

எத்தனை கிராம் மாவு, எத்தனை மில்லி பால் என்று கேட்டால் "அகாக் அகாக்" என்று பதில் வரும். மழுப்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணளவு, கைப்பதம் என்று நாம் சொல்வதுதான் அது. அன்றைய தேங்காயின் கொழுப்பைப் பார்த்துத்தான் மாவே கரைக்கிறார்கள்.

எல்லாம் எல்லா நாளும் கிடைக்கும் என்று போவது

பெங்காட் சாப்பிட ஆசைப்பட்டு ஜூலையில் வந்த உறவினர் ஒருவரை மூன்று கடைக்கு அலைய விட்டேன். கிடைக்கவில்லை. பினாங்கில் அது சாப் கோ மேக்கு, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவுக்குச் செய்வது. வள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும் தேங்காய்ப்பாலில் கொதித்துக் கெட்டியாக இருக்கும். சாங்குக்கு ஐந்தாம் சந்திர மாதம் வர வேண்டும், பல கடைகளில் மற்ற நாளிலும் போடுகிறார்கள் என்றாலும். குவே ஈ என்கிற சின்ன உருண்டைகள் டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்னால், குளிர்காலத் திருப்பத்தன்று. புத்தாண்டு அன்னாசி டார்ட்டுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே பெயர் கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் போனால் பழகிய முகமாக இருந்தாலும் "சுடா ஹாபிஸ்" தான், தீர்ந்துவிட்டது.

தம்பியின் நண்பர் வாங்கிய நாற்பது என்ன ஆனது என்றால், கடைக்குள்ளேயே திரும்பிப் போய் உட்கார்ந்தோம். மூன்று பேரும் ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம். மீதியைப் பத்து மணிக்குள் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகளில் கொடுத்தாயிற்று. பிள்ளைகளுக்கு ஒரு டப்பா குவே பங்கிட் போனது. அடுத்த சாப் கோ மேக்குப் பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்களாம். பெங்காட்டுக்கு நான் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.