இணைந்த தொட்டிகளில் உப்பு: சமன்பாடு எழுதி, தீர்த்து, சரிபார்ப்பது எப்படி

இணைந்த தொட்டிக் கணக்குகளில் பெரும்பாலான தவறுகள் தீர்க்கும்போது வருவதில்லை, சமன்பாட்டை எழுதும்போதே வந்துவிடுகின்றன. அதனால் முதலில் படம் வரையுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் அம்புக்குறி போட்டு, அதன்மேல் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள்.

இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 100 லிட்டர். முதல் தொட்டிக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் நல்ல தண்ணீர் வருகிறது. அதிலிருந்து 8 லிட்டர் இரண்டாவதற்குப் போகிறது. இரண்டாவதிலிருந்து 2 லிட்டர் முதலாவதற்குத் திரும்புகிறது, 6 லிட்டர் வெளியேறுகிறது. தொடக்கத்தில் முதல் தொட்டியில் 4 கிலோ உப்பு கரைந்துள்ளது, இரண்டாவதில் உப்பே இல்லை.

உப்பைத் தொடுமுன் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். இரண்டு தொட்டிகளிலும் 8 வருகிறது, 8 போகிறது. கொள்ளளவு மாறாது. வரத்து 2 லிட்டர் கூடுதலாக இருந்தால் பகுதியில் 100 நிற்காது, 100 + 2நே வரும் (நே என்பது நிமிடத்தில் நேரம்). அப்போது கெழுக்கள் மாறிலிகள் அல்ல, கீழே உள்ள வழி செல்லாது.

உப்பின் அளவு முதல் தொட்டியில் க கிலோ, இரண்டாவதில் ச கிலோ என்க. குழாயில் போகும் உப்பு = ஓட்ட வேகம் × செறிவு. செறிவு என்பது க/100, வெறும் க அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். தொட்டி எப்போதும் நன்றாகக் கலக்கப்படுகிறது என்ற அனுமானமும் இதற்குள் இருக்கிறது. க′, ச′ என்பவை அந்த உப்பளவுகள் நிமிடத்துக்கு மாறும் வேகங்கள்.

க′ = −0.08க + 0.02ச
ச′ = 0.08க − 0.08ச

இரண்டையும் கூட்டுங்கள்: (க + ச)′ = −0.06ச. மொத்த உப்பு வெளிக்குழாய் வழியாக மட்டுமே குறைகிறது. வேறு ஏதாவது மிஞ்சினால் ஒரு குறி தவறு. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், ஒருபோதும் விடாதீர்கள்.

இனி மேலுள்ள நான்கு கெழுக்களின் அணிக்கு ஐகன் மதிப்புகள் (ல), அதாவது விடை எந்த வேகங்களில் குறைகிறது என்று சொல்லும் எண்கள். (ல + 0.08)² = 0.0016, எனவே ல = −0.04, −0.12. முதலாவதற்கு ஐகன் வெக்டர், அதாவது அந்த வேகத்தில் குறையும் பகுதியில் க, ச இரண்டின் விகிதம், (1, 2), அடுத்ததற்கு (1, −2). தொடக்க மதிப்புகளைப் போட்டால் இரு மாறிலிகளும் 2. இயல் மடக்கையின் அடிமானத்தை இ என்று எழுதினால்:

க = 2இ^(−0.04நே) + 2இ^(−0.12நே)
ச = 4இ^(−0.04நே) − 4இ^(−0.12நே)

விடையைச் சோதிக்க நல்ல இடம் ச உச்சம் தொடும் கணம். அப்போது ச′ = 0, ஆகவே க = ச ஆக வேண்டும். இ^(0.08நே) = 3 என்பதிலிருந்து நே ≈ 13.7 நிமிடம். இரண்டு சூத்திரங்களும் 1.54 கிலோ தருகின்றன.

நெடுநேரம் கழித்து ஆட்சி செய்வது −0.04 மட்டுமே. உப்பு பாதியாகக் குறைய ஒவ்வொரு முறையும் 17.3 நிமிடம் ஆகும். மொத்தம் 40 கிராமுக்கு இறங்கச் சுமார் 125 நிமிடம்.

வரும் தண்ணீரிலேயே லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருந்தால் முதல் சமன்பாட்டில் 0.06 கூடும். முதலில் நிலையான விடையை (இரு தொட்டியிலும் 1 கிலோ) கண்டுபிடித்து, அதிலிருந்து உள்ள விலகலுக்கு இதே முறையைப் பயன்படுத்துங்கள்.

எக்செலில் ஆய்லர் முறையில் (புதிய மதிப்பு = பழைய மதிப்பு + படி × மாறும் வேகம்) போடுவதானால் 1 நிமிடப் படி எடுத்தால் முதல் வரியில் க = 3.68 வரும், சரியான மதிப்பு 3.695. படியை 0.1 நிமிடமாக்கினால் பிழை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும். 20 நிமிடப் படி எடுத்தால் முதல் வரியிலேயே க = −2.4 கிலோ என்று வரும். அது சமன்பாட்டின் குற்றமல்ல, படியின் நீளம்தான் காரணம்.