பெங்களூரிலிருந்து ஆஸ்திரேலியக் கால்பந்துப் பருவத்தைப் பின்தொடர்வது எப்படி?

அல்சூரில் இருந்துகொண்டு சிட்னி எஃப்சியின் பருவத்தைப் பின்தொடர விரும்புகிறவர் முதலில் நேரக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபரில் தொடங்கும் ஏ-லீக்கில் (ஆஸ்திரேலியாவின் முதல்நிலைக் கால்பந்து லீக்), சிட்னியில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பிற்பகல் 2 மணி. ஏப்ரலின் முதல் ஞாயிறன்று அங்கே கோடைகால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கும் முறை) முடிந்துவிடுவதால், அதன்பின் அதே ஆட்டம் 3 மணிக்குத்தான் தொடங்கும். (இது தெரியாமல் ஒரு ஞாயிறன்று ரசம் சாதத்தை அவசரமாக விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அடுத்து, புள்ளிப் பட்டியலை வாசிக்கும் முறை. முதலிடம் பெறும் அணிக்குப் பிரீமியர்ஸ் பிளேட் என்ற பரிசு கிடைக்கும். ஆனால் சாம்பியன் யார் என்பதை, முதல் ஆறு அணிகள் மோதும் இறுதிச் சுற்றே தீர்மானிக்கிறது. முதல் இரண்டு அணிகள் நேரே அரையிறுதிக்குச் செல்லும். கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படும் அச்சம் இங்கே கிடையாது. ஆகவே கடைசி இடத்தைவிட ஆறாம் இடத்துக்கான இழுபறியைக் கவனிப்பதே சுவாரசியம்.