மூட்டமா, புகையா? அறிவுக் கொள்கைகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

உயர்தர வகுப்பில் அளவையியல் படித்துவிட்டு மெய்யியலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது ஒரு சொல்லில்தான். நமது பாடத்தில் அளவையியல் என்றால் தர்க்கம். சைவ சித்தாந்தத்தில் அளவை என்றால் பிரமாணம், அறிவு வந்து சேரும் வழி: காண்டல், கருதல், உரை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அப்புறம் எழுதுவதெல்லாம் கோணல்தான்.

அடுத்து, கருதலை, அதாவது அனுமானத்தை, அரிஸ்டாட்டிலின் நியாயத்தொடை (இரு கூற்றுகளிலிருந்து முடிவு பெறும் வாத வடிவம்) என்றே எழுதிவிடுகிறார்கள். நியாயம் என்ற இந்திய மெய்யியல் மரபின் உதாரணமே மலைதான்: மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையில் போல. விடியற்காலையில் மலையகத்தில் ஹட்டன் பக்கம் எதிர்மலையைப் பாருங்கள். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரைக்கு மேலே வெள்ளையாக ஏதோ எழும். அடுப்புப் புகையா, வெறும் பனிமூட்டமா? மூட்டத்தைப் புகையென்று எண்ணி "அங்கே நெருப்பு" என்றால், நம் அளவையியல் பாடம் "வாதம் வாய்ப்பானது, அதாவது வடிவம் சரி; அடிப்படையாக வைத்த எடுகூற்றுதான் பொய்" என்று சொல்லும். நியாயக்காரருக்கோ அது அனுமானமே இல்லை, அனுமானம் போலத் தெரியும் போலி.

சரி, அந்த மூட்டத்துக்கு அடியில் உண்மையிலேயே யாரோ அடுப்பு மூட்டியிருந்தால்? நினைத்தது உண்மை, காரணமும் இருந்தது, ஆனால் அது அறிவா? 1963இல் அமெரிக்க மெய்யியலாளர் கெட்டியர் மூன்றே பக்கத்தில் கேட்டது இதே வகைக் கேள்வி. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மோத்தரர் இதற்கு நெருங்கிய உதாரணம் தருகிறார்: இறைச்சி சுட மூட்டிய தீ இன்னும் புகையவில்லை, மேலே பறக்கும் பூச்சிக் கூட்டத்தைப் புகையென்று கண்டு ஒருவன் தீ உண்டென்கிறான். உடனே "நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்" என்று குதிக்க வேண்டாம். மேற்கில் பேச்சு, மனதில் நிலைத்திருக்கும் நம்பிக்கையைப் பற்றியது. நியாயத்தில் பிரமை (மயக்கம் அல்ல, சரியான அறிவு) என்பது அந்தக் கணத்தில் எழும் உணர்வு. அதனால்தான் அவர்கள் நினைவைப் பிரமையில் சேர்ப்பதில்லை. மேற்கிலோ நேற்று அறிந்தது இன்றும் அறிவுதான்.

"இந்தியக் கொள்கை" என்று ஒருமையில் எழுதுவதையும் விடுங்கள். உலகாயதரான சார்வாகருக்குப் பிரமாணம் ஒன்று, திக்நாகர் வழிப் பௌத்தருக்கு இரண்டு, நியாயத்துக்கு நான்கு.

கடைசியாக உரை. அதை வேதம் என்று சுருக்கி "கிழக்கு நம்பும், மேற்கு ஆராயும்" என்று முடிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சித்தாந்தத்தில் உரை இறைவன் நூலைச் சுட்டும், உண்மைதான். நியாயத்திலோ விஷயம் தெரிந்து உள்ளபடி சொல்பவர் யாராயினும் சரி. ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் (அந்நியருக்கும்) இது பொதுவென்கிறார் நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். அந்தக் கணக்கில், மூட்டத்தில் வழி தவறியவனுக்கு லயத்துப் பாதையைக் காட்டும் கொழுந்தெடுக்கும் அக்காவின் சொல்லும் பிரமாணமே.