ஹன்டிங்டன் நோய்: மரபணுப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி?

மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய்க்கான மரபணுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் “பாசிட்டிவ்” என்ற சொல் இருக்கிறதா என்றே தேடுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, 17/43 என்பது போல அச்சாகியிருக்கும் இரண்டு எண்களை. நான்காம் குரோமோசோமில் உள்ள எச்டிடி மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அதன் தொடக்கப் பகுதியில் சி, ஏ, ஜி என்னும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள் அடுத்தடுத்து எத்தனை முறை வருகின்றன என்பதையே அந்த எண்கள் குறிக்கின்றன. ஒவ்வொரு சிஏஜியும் இந்த மரபணு உருவாக்கும் ஹன்டிங்டின் புரதத்தில் குளுட்டமின் என்னும் ஒரு அமினோ அமிலத்தைச் சேர்ப்பதால், எண்ணிக்கை மிகும்போது புரதம் உருக்குலைந்து மூளை நரம்பணுக்களைச் சிதைக்கிறது. கை கால்கள் கட்டுப்பாடின்றி அசைவது அதன் விளைவே.

இரண்டில் பெரிய எண்ணைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். 26 வரை இயல்பானது. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வரும். 36 முதல் 39 வரை இருந்தால் வரலாம், வராமலும் போகலாம். குழப்பம் மிகுந்தது 27 முதல் 35 வரையிலான இடைநிலைதான்: அந்த எண் உள்ளவருக்கு நோய் வராது என்றே கொள்ளப்படுகிறது, ஆனால் பிள்ளைக்குப் போகும்போது, குறிப்பாகத் தந்தை வழியாக, அந்த எண் நீண்டுவிடக்கூடும். ஆய்வகக் கணக்கில் ஒன்றிரண்டு முன்பின்னாவது உண்டு என்பதால், 39, 40 போன்ற எல்லை எண்களுக்கு விளக்கம் கேட்பது நல்லது.

17/43 உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, 43 வரும் வாய்ப்பு 50 சதவீதம். மூத்தவருக்கு வந்ததால் இளையவர் தப்பினார் என்ற கணக்கு இங்கே செல்லாது. 17 கிடைத்த பிள்ளை வழியாக நோய் பேரப்பிள்ளைகளுக்குப் போகாது.

எண் பெரிதாக இருந்தால் நோய் முன்கூட்டியே தொடங்கும் போக்கு உண்டு. 60க்கு மேல் என்றால் பெரும்பாலும் 20 வயதுக்குள்ளேயே தெரியும். ஆயினும் 43 என்பதை வைத்து எந்த வயதில் தொடங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இந்த மரபணு 1993இல் கண்டறியப்பட்டபின், அறிகுறி இல்லாதவரும் தம் நிலையை முன்னதாகவே அறிய முடிகிறது. அத்தகையவர் இரத்தம் கொடுப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். அறிகுறியற்ற சிறுவர்களுக்கு இச்சோதனை செய்வதில்லை. தாத்தாவுக்கு நோய் இருந்து, தந்தை சோதிக்காமல் இருக்கும்போது பேரனுக்கு 43 என்று வந்தால், தந்தையின் நிலையும் அவர் கேட்காமலே வெளியாகிவிடும் என்பதால், அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.